கருவியும் கையும்: நம்பத்தக்க கார்க் திருகு

கருவிகளில் இரண்டு வகை உண்டு. நாள்தோறும் கையில் புழங்குவதனால் குணமும் குற்றமும் நமக்கு நன்கு தெரிந்திருப்பவை ஒரு வகை. அரிவாள்மணை, பாக்குவெட்டி, எழுதுகோல் முதலியன அவ்வகையைச் சேர்ந்தவை. எப்போதோ ஒரு முறை தேவைப்பட்டு, அந்த ஒரு முறையிலேயே நாலு பேர் நடுவில் நம் மானத்தை வாங்கிவிடுபவை மற்றொரு வகை. இந்த இரண்டாம் வகைக் கருவிகளைக் கடையில் வாங்கும்போது நாம் உற்று நோக்குவதில்லை. பிடி பளபளவென்றிருந்தால் போதும், விலையும் சகாயமாயிருந்தால் மிகவும் விசேஷம் என்று எண்ணி வாங்கி வந்துவிடுகிறோம். பலனைப் பிறகு அநுபவிக்கிறோம். இவ்வாரம் ஆராய எடுத்துக்கொண்டுள்ள கார்க் திருகு இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்ததாகும்.

ஒயின் புட்டியைத் திறக்கும் கருவியைப் பற்றிக் குடும்பங்களில் படிக்கப்படும் பத்திரிகையில் எழுதுவானேன் என்று நேயர்களில் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். மது அருந்தலாமா கூடாதா என்பது வேறு வழக்கு. இப்பகுதியை எழுதுபவன் அதனைத் தொட்டவனல்லன். பிறர் தொட வேண்டுமென்று சிபாரிசு செய்பவனுமல்லன். ஆயினும், ஒருவனுடைய பிழைப்பே ஒரு சிறு கருவியின் முனையில் தொங்கும்போது, அக்கருவியைப் பற்றிப் பேசாமலிருப்பது நியாயமாகாது.

விஷயம் இதுதான். காரைக்கால் பக்கத்திலிருந்து வந்து என்னிடம் பௌதிகம் படித்த மாணவர் ஒருவர் இப்போது பாரிஸ் நகரத்தில் ஓர் உணவு விடுதியில் வேலை பார்க்கிறார். நான்கு ஆண்டுகள் சமையற்கட்டில் பாத்திரம் தேய்த்தும் காய்கறி நறுக்கியும் உழைத்த பிறகு, அண்மையில் அவரை மேஜைகளுக்குப் பரிமாறும் வேலைக்கு உயர்த்தியிருக்கிறார்கள். அவர் எழுதிய கடிதத்தின் சாரம் வருமாறு: "ஐயா, முதல் வாரத்திலேயே இரண்டு புட்டிகளில் தக்கை நடுவில் பொடிந்துபோயிற்று. விருந்துக்கு வந்திருந்தவர் சிரித்தார். முதலாளி, உன் கைக்குப் பாத்திரம் தேய்க்கிற வேலைதான் லாயக்கு என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டார். சொந்தத்தில் ஒரு திருகு வாங்கிக்கொள்ளலாமென்று கடைக்குப் போனால் பத்து வகை காட்டுகிறார்கள். தாங்கள் நெம்புகோல் பாடம் நடத்தியது நினைவுக்கு வந்தது. எதை வாங்குவது என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும்."

விடுதியில் அவருக்குக் கொடுத்திருந்த திருகின் படமொன்றையும் வரைந்து அனுப்பியிருந்தார். படத்தைப் பார்த்தவுடனேயே குற்றம் அவருடைய கையில் இல்லை என்பது விளங்கிவிட்டது. அது எவ்வாறு விளங்கிற்று என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தக்கையின் குணம்

பூட்டைத் திறக்கச் சாவியைப் பற்றித் தெரிந்தால் மட்டும் போதாது, பூட்டைப் பற்றியும் தெரிய வேண்டும். நம் ஊரில் தக்கை என்றால் நெட்டியையும் சொல்வார்கள். மீன் வலையின் மிதப்பையும் சொல்வார்கள். ஒயின் புட்டியை அடைக்கும் தக்கையோ ஒருவகை ஓக் மரத்தின் பட்டை. இம்மரம் மத்தியதரைக் கடலின் மேற்குப் பகுதியைச் சூழ்ந்த நாடுகளில் வளர்வது. உலகத்துக்கு வேண்டிய கார்க்கில் ஏறக்குறையப் பாதியைப் போர்த்துகல் என்னும் சிறிய தேசம் ஒன்றே விளைவிக்கிறது. அத்தேசத்தின் தென்பாகத்திலுள்ள அலென்டெஜோ பிரதேசத்தில் இம்மரங்கள் காடு காடாக நிற்கின்றன.

மரம் சுமார் 25 வயதை அடைந்த பிறகே முதன்முறையாகப் பட்டையை உரிக்கிறார்கள். கோடரியின் கூர்முனை உள்மரத்தில் படாதவாறு, கைத்தேர்ச்சியினாலேயே உரிக்க வேண்டும். மரம் சாவதில்லை, மறுபடியும் பட்டை வளர்கிறது. அடுத்த உரிப்புக்கு ஒன்பது ஆண்டு காத்திருக்க வேண்டுமென்பது அந்நாட்டுச் சட்டம். எந்த வருஷத்தில் உரித்தார்கள் என்பது மறந்துபோகாமலிருக்க, அவ்வாண்டின் கடைசி இலக்கத்தை மரத்தின் மேலேயே பெரிதாக எழுதி வைக்கிறார்கள். முதலிரண்டு முறை உரித்த பட்டை கரடுமுரடாயிருப்பதனால் புட்டிக்கு உதவாது. மூன்றாவது உரிப்பே உதவும். அதாவது, இன்று நட்ட மரம் முதல் தக்கையைத் தருவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் செல்லும். தென்னை வைத்தவன் தின்று சாவான் என்பது நம் பழமொழி. இந்த மரத்தை வைத்தவனோ பெரும்பாலும் பேரனுக்காகவே வைக்கிறான்.

இப்பட்டையை இங்கிலாந்தின் விஞ்ஞானி ராபர்ட் ஹூக் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்து, அதில் தேன்கூட்டைப் போன்ற நுண்ணிய அறைகள் இருப்பதைக் கண்டார். 1665-ஆம் ஆண்டில் வெளியான தமது நூலில் அவ்வறைகளுக்கு அவர் இட்ட பெயரே இன்று உயிர்நூல் முழுவதிலும் வழங்கும் 'செல்' என்பது. ஒரு கன சென்டிமீட்டர் கார்க்கில் சுமார் 4 கோடி அறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் காற்று அடைபட்டிருக்கிறது. சுவர்களில் மெழுகு போன்ற பொருள் ஊறியிருப்பதனால் நீர் எளிதில் உட்புகாது. ஆகவே தக்கை அழுத்தினால் அமுங்குகிறது, விட்டால் விரிகிறது. ரப்பரை நீளவாட்டில் அழுத்தினால் பக்கவாட்டில் பிதுங்கும். கார்க் அநேகமாகப் பிதுங்குவதேயில்லை. ரப்பர் அடைப்பானைக் கழுத்துக்குள் தள்ளுவது பெரும்பாடாகவும், கார்க்கைத் தள்ளுவது இலேசாகவும் இருப்பதன் காரணம் இதுவே.

சாதாரணமான ஒயின் தக்கையின் குறுக்களவு 24 மில்லிமீட்டர். புட்டிக் கழுத்தின் உள்ளளவோ சுமார் 18½ மில்லிமீட்டர்தான். யந்திரத்தினால் அழுத்திச் செருகப்பட்ட தக்கை, விரிய இடமில்லாமல் கண்ணாடியைச் சுற்றிலும் நெருக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதை வெளியே இழுக்க வேண்டிய பலம் ஏறத்தாழ 20 கிலோ முதல் 40 கிலோ எடையைத் தூக்குவதற்குச் சமானம். ஒரு மூட்டை அரிசியை ஒரு விரல் நீளமுள்ள கம்பியில் கட்டித் தூக்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அக்கம்பி எங்கே, எப்படிப் பற்றியிருக்கிறது என்பதைப் பொறுத்தே தக்கை முழுதாக வருவதும் பொடியாக வருவதும் இருக்கின்றன.

துப்பாக்கியிலிருந்து வந்த திருகு

இக்கருவி முதலில் மதுவுக்காக உண்டானதன்று. பழங்காலத்துத் துப்பாக்கிகளில் மருந்தையும் குண்டையும் குழலின் வாய் வழியாகத் திணிப்பார்கள். வெடிக்காமல் தங்கிவிட்டதை வெளியே எடுக்கச் சுருட்டிய எஃகுக் கம்பியொன்றை நீண்ட கோலின் முனையில் பொருத்திக் குழலுக்குள் விட்டுத் திருகுவது வழக்கம். கனமான கண்ணாடிப் புட்டிகளும் இறுக்கமான தக்கைகளும் பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பெருகியபோது, அந்தச் சுருளே சமையலறைக்கு வந்து சேர்ந்ததென்று கொள்ளப்படுகிறது. 1681-ஆம் ஆண்டில் நெஹமையா குரூ என்னும் அறிஞர், புட்டிகளிலிருந்து தக்கை வாங்க உதவும் எஃகுப் புழுவொன்றைத் தம் நூலில் குறிப்பிட்டிருக்கிறார். புழு என்பதே அக்காலத்தில் இச்சுருளுக்கு வழங்கிய பெயர்.

இதற்கு முதன்முதல் காப்புரிமை பெற்றவர் தச்சரல்லர், கொல்லருமல்லர், ஒரு பாதிரியார். சாமுவேல் ஹென்ஷல் என்னும் அவர் 1795-ஆம் ஆண்டில் செய்த யுக்தி மிக எளிது. சுருளின் மேற்பக்கத்தில் வட்டமான சிறு தகடு ஒன்றைப் பொருத்தினார். சுருள் முழுதும் இறங்கியதும் தகடு தக்கையின் தலையில் அழுந்தும். மேலும் திருகினால் சுருள் இறங்காது, தக்கையே சுழலும். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்த பிடிப்பு விட்டுப்போகும். இழுப்பதற்கு முன் பிடிப்பைத் தளர்த்த வேண்டுமென்னும் தத்துவத்தை அவர் கண்டுபிடித்துவிட்டார்.

1802-ஆம் ஆண்டில் பர்மிங்காம் நகரத்து எட்வர்ட் தாமஸன், ஒரே திசையில் திருகிக்கொண்டே போனால் தக்கை தானே மேலே ஏறிவரும்படியான கருவியைச் செய்தார். 1882-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ராஸ்டாக் நகரத்தைச் சேர்ந்த கார்ல் வீன்கே, பேனாக்கத்தியைப் போல் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளத்தக்க நெம்புகோல் திருகுக்கு உரிமை பெற்றார். விடுதிகளில் பரிமாறுவோர் உலகெங்கும் கையாள்வது அதன் சந்ததியே. ஆகவே அதற்குப் 'பரிமாறுவோன் தோழன்' என்று பெயர் வந்துவிட்டது. 1979-ஆம் ஆண்டு வாக்கில், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தில் எண்ணெய்க் கிணற்றுக் கருவிகளை அமைப்பதில் பேர் பெற்ற ஹெர்பர்ட் ஆலன் என்னும் பொறியாளர், நீண்ட சுருளுக்கு வழுக்கும் டெஃப்லான் பூச்சுக் கொடுத்து, தாமஸனுடைய பழைய தத்துவத்தைக் குழந்தையும் கையாளக்கூடிய அளவுக்கு எளிதாக்கினார். பூமியைத் துளைத்த அறிவு தக்கையைத் துளைக்கவும் பயன்பட்டது.

சுருளே பிரதானம்

இனி, வாங்குவோர் கவனிக்க வேண்டியது யாது? பிடியன்று, பெயரன்று, பெட்டியின் அழகுமன்று, சுருளே பிரதானம். கடையில் நிற்கும்போதே நான்கு பரீக்ஷைகளை நடத்திவிடலாம்.

முதலாவது, சுருளை முனைப்பக்கத்திலிருந்து ஒற்றைக்கண்ணால் பாருங்கள். நடுவில் வெற்றிடம் தெரிய வேண்டும். ஒரு தீக்குச்சி அதனுள் தடையின்றி நுழைய வேண்டும். கம்பியை விரலில் சுற்றி எடுத்தாற்போன்ற இவ்வமைப்பே உண்மையான சுருள். இது தக்கையைத் துளைப்பதில்லை; அதன் அறைகளுக்கிடையே பாம்பைப் போல் வளைந்து புகுந்து, கீழிருந்து மேல்வரை எல்லா இடத்திலும் தழுவிப் பிடிக்கிறது. இதற்கு மாறாக, நடுவில் கெட்டியான தண்டும் அதைச் சுற்றி வரப்புப் போன்ற புரியும் உடையவை சில உண்டு. அவை தச்சருடைய துறப்பணத்துக்குச் சகோதரர்கள். துறப்பணத்தின் தொழில் மரத்தைத் தூளாக்கித் துவாரம் செய்வது. அதைத் தக்கையில் செலுத்தினால் அதன் தொழிலைச் செய்யாமல் வேறென்ன செய்யும்? நடுவில் தூளும் ஓட்டையும் உண்டாகும். இழுக்கும்போது கருவி மட்டும் கையோடு வரும், தக்கை புட்டியிலேயே தங்கும். என் மாணவர் வரைந்தனுப்பிய படத்தில் இருந்தது இந்தத் துறப்பணமே.

இரண்டாவது, முனை. அது ஊசிபோல் கூர்மையாயிருக்க வேண்டும். அத்துடன், சுருளின் வளைவைத் தொடர்ந்தே செல்ல வேண்டும். முனையை நடுவை நோக்கித் திருப்பி நேராக்கியிருந்தால் அது வழிகாட்டுவதற்குப் பதில் வழியை மறிக்கும்.

மூன்றாவது, நீளம். நல்ல தக்கைகள் 44 முதல் 49 மில்லிமீட்டர் வரை நீளமுள்ளவை. சிறந்தவற்றில் இன்னும் நீளமானவையும் உண்டு. ஐந்து சுற்றுக்களுக்குக் குறைந்த சுருள் மேற்பாதியை மட்டும் பிடிக்கும். அப்போது தக்கை இடுப்பில் முறியும். ஐந்து சுற்று இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்து வாங்குவதில் வெட்கமொன்றுமில்லை.

நான்காவது, வழவழப்பு. விரலைச் சுருளின் மேல் ஓட்டினால் சொரசொரப்போ பிசிரோ தட்டக்கூடாது. டெஃப்லான் பூசியது இலேசாக இறங்கும் என்பது உண்மை. ஆனால் பூச்சு நாளடைவில் தேய்ந்துவிடும். பூச்சு இருக்கிறதென்பதற்காக அமைப்புக் கெட்ட சுருளை ஏற்கலாகாது. இடக்கை வழக்கமுள்ளவர்கள் எதிர்ப்புறமாகச் சுற்றிய சுருளைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அதுவும் கடைகளில் கிடைக்கிறது.

எந்த வகை யாருக்கு?

சுருளுக்குக் குறுக்கே ஒரு கட்டையைச் செருகிய பழைய வகையில் யுக்தி ஒன்றுமில்லை. இழுக்க வேண்டிய பலம் முழுவதையும் தோளே கொடுக்க வேண்டும். புட்டியை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு வெடுக்கென்று இழுப்பதும், கழுத்து உடைந்து கையைக் கிழித்துக்கொள்வதும் இதனால் நேரும் விபரீதங்கள். இவ்வகை கண்ணாடிப் பேழையில் வைத்து அழகு பார்ப்பதற்கே ஏற்றது.

பரிமாறுவோன் தோழன் அப்படிப்பட்டதன்று. நம் வீட்டுப் பாக்குவெட்டியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கீல் ஒரு கோடியில், பாக்கு நடுவில், கை மறு கோடியில். நெம்புகோல்களில் இரண்டாம் வகை என்று பள்ளிக்கூடத்தில் படிப்பது இதனைத்தான். பரிமாறுவோன் தோழனும் அதே வகை. அதன் கால் புட்டியின் விளிம்பில் ஊன்றிக்கொள்கிறது. சுருள் நடுவில் தொங்குகிறது. பிடியின் நுனியைக் கை உயர்த்துகிறது. கை காட்டும் பலம் மூன்று நான்கு மடங்காகப் பெருகுகிறது. 30 கிலோ இழுப்பு வேண்டிய தக்கைக்கு 8 அல்லது 10 கிலோவே போதும்.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. கால் ஒரே படியுள்ளதாயிருந்தால், பிடி மேலே போகப் போகச் சுருள் தக்கையைப் பக்கவாட்டில் சாய்க்க ஆரம்பிக்கும். நீளமான தக்கை பாதி வந்ததும் வளைந்து முறிவது அதனாலேயே. காலில் இரண்டு படிகள் இருந்தால், முதற்படியைக் கொண்டு சிறிது தூக்கி, பிறகு இரண்டாம் படிக்கு மாற்றி, செங்குத்தாகவே மீதியைத் தூக்கிவிடலாம். ஆகையால் இவ்வகையில் வாங்குவோர் இரட்டைப் படியையே கேட்க வேண்டும். கீல் ஆட்டம் கொடுக்கிறதா என்றும் அசைத்துப் பார்ப்பது நல்லது.

இரண்டு இறக்கைகளை உடைய வகை வீடுகளில் அதிகம் காணப்படுகிறது. திருகத் திருக இறக்கைகள் உயரும்; இரண்டையும் கீழே அழுத்தினால் பற்சக்கரங்கள் தக்கையைத் தூக்கும். இழுப்பு நேராக இருப்பதனால் தத்துவம் நல்லதே. ஆனால் மலிவாக விற்பவற்றில் பலவற்றுக்குத் துறப்பணத்தையே பொருத்திவிடுகிறார்கள். நல்ல தேருக்குக் கோணற்சக்கரம் பூட்டியதைப் போன்றது இது. தீக்குச்சிப் பரீக்ஷையில் தேறினாலன்றி இதை வாங்க வேண்டாம்.

கைவிரல்களில் வாத நோய் உள்ளவர்களுக்கும் முதியோர்களுக்கும் ஆலன் செய்த வகையே உகந்தது. சட்டத்தைக் கழுத்தின்மேல் பொருத்தி ஒரே பக்கமாகத் திருகிக்கொண்டிருந்தால் தக்கை ஏறி வந்துவிடும், இழுப்பென்பதே இல்லை. மின்கலத்தால் இயங்குவனவும் இருக்கின்றன. அவற்றில் சுருள் உள்ளே மறைந்திருப்பதனால் குணத்தை அறிவது கடினம். மின்கலம் ஓய்ந்தால் கருவியும் ஓய்ந்துவிடும்.

மிகப் பழைய புட்டிகளில் தக்கை நமுத்துப்போயிருக்கும். எந்தச் சுருளும் அதைப் பொடியாக்கும். அங்கே சுருளே இல்லாத கருவி உதவுகிறது. மெல்லிய இரு எஃகுத் தகடுகளைத் தக்கைக்கும் கண்ணாடிக்கும் இடையே மாற்றி மாற்றி அசைத்து இறக்கி, பிறகு முறுக்கிக்கொண்டே தூக்க வேண்டும். 1879-ஆம் ஆண்டில் ஸான்பிரான்ஸிஸ்கோ நகரத்து லூஷியன் மம்ஃபோர்ட் இதற்கு உரிமை பெற்றார். பழக்கமில்லாதவர்கள் கையில் இது தக்கையைப் புட்டிக்குள் தள்ளிவிடும்.

ஊசியைச் செருகிக் காற்றடித்துத் தக்கையைக் கிளப்பும் வகையொன்றும் விற்கிறார்கள். சாதாரண ஒயின் புட்டி உள்ளிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்குவதற்கென்று செய்யப்பட்டதன்று. மெல்லிய இடம் ஏதேனும் இருந்தால் வெடிக்கக்கூடும். இதை ஒதுக்கிவிடுவதே விவேகம்.

திறக்கும் முறை

நல்ல கருவியும் முறை தவறினால் கெட்ட பெயர் எடுக்கும். முதலில் கழுத்தைச் சுற்றியுள்ள உறையை விளிம்புக்குக் கீழே கத்தியால் சுற்றி அறுத்து நீக்க வேண்டும். பழைய புட்டிகளின் உறைகள் ஈயத்தாலானவை. அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டு அவற்றைத் தடை செய்துவிட்டார்கள். உறை எதுவாயினும் விளிம்பை ஈரத்துணியால் துடைப்பது அவசியம்.

புட்டியை மேஜையின்மேல் நிறுத்தி இடக்கையால் கழுத்தைப் பற்றிக்கொள்ளவும். சுருளின் நடுவெளி தக்கையின் நடுவுக்கு நேராக வர வேண்டுமாகையால், முனையை மையத்துக்குச் சற்றே ஒதுக்கி ஊன்றவும். முதற்சுற்று நேராக இறங்கினால் மற்றவை தாமே நேராக இறங்கும். கடைசிச் சுற்றில் ஏறக்குறைய ஒன்று வெளியே தெரியும்போது நிறுத்திவிடலாம். அடிவரை துளைத்தால் தூள் உள்ளே விழும். முதற்படி, இரண்டாம் படி என்று நிதானமாகத் தூக்கி, கடைசி அரை அங்குலத்தைக் கையால் அசைத்து எடுக்கவும். சத்தம் கேட்கக் கூடாது. 'டப்'பென்று சத்தம் வருவதுதான் சாமர்த்தியம் என்று நினைப்பவர்கள் நாடகமேடையைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள்.

தக்கை முறிந்துவிட்டால் பதற வேண்டாம். மீதியில் சுருளைச் சாய்வாகச் செலுத்தி மெதுவாகத் தூக்கினால் பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் உள்ளே தள்ளிவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டி வேறு பாத்திரத்தில் ஊற்ற வேண்டியதுதான்.

ஷாம்பேன் முதலிய நுரைக்கும் மது வகைகளுக்குத் திருகை எக்காரணத்தாலும் கொண்டுபோகலாகாது. அப்புட்டியின் உள்ளே ஐந்தாறு வாயுமண்டல அழுத்தம் இருக்கிறது. தக்கையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, புட்டியைச் சாய்த்து, அதன் அடிப்பாகத்தைச் சுழற்றி மெல்ல விடுவிக்க வேண்டும். புட்டியின் வாய் எவருடைய முகத்தையும் பார்க்கக் கூடாது. கண்ணிழந்தோரும் உண்டு.

திருகு வேண்டாத புட்டி

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு, மருந்துப் புட்டியைப் போல் உலோக மரைமூடி போட்டால் போயிற்று என்று கேட்கலாம். போட்டும் விட்டார்கள். சில தக்கைகளிலிருந்து மதுவில் ஈரக் கோணிச் சாக்கின் நாற்றம் ஏறுகிறது. அதற்குக் காரணமான ரசாயனப் பொருளை 1981-ஆம் ஆண்டில் ஸ்விட்ஸர்லாந்து ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். நாற்றத்தினால் நஷ்டமடைந்து சலித்துப்போன ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கு உற்பத்தியாளர் பலர், 2000-ஆம் ஆண்டு மதுவுக்கு மரைமூடியைக் கூட்டாக ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த ஆண்டிலேயே நியூஜிலாந்துக்காரர்களும் அதற்காக ஓர் இயக்கம் தொடங்கினார்கள். தக்கை செய்வோரும் சும்மா இருக்கவில்லை. பட்டையைச் சுத்தி செய்யும் முறைகளைத் திருத்திக்கொண்டு எதிர்த்து நிற்கிறார்கள்.

மூடிக்காரர் கட்சியில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் மறுபுறத்தில் அந்த ஓக் காடுகள் இருக்கின்றன. பட்டைக்கு விலை இருக்கும்வரை விவசாயி மரத்தை வெட்ட மாட்டான். மரத்தின் நிழலில் ஆடு மாடு மேய்ப்பான். பறவைகளும் காட்டுப் பூனைகளும் பிழைக்கும். விலை போய்விட்டால் நாற்பது ஆண்டு காத்திருக்கும் பொறுமையும் போய்விடும். போர்த்துகல் நாடு 2011-ஆம் ஆண்டில் இம்மரத்தைத் தன் தேசிய மரமாகப் பிரகடனம் செய்ததில் ஆச்சரியமில்லை. ஒரு சிறு தக்கையின் பின்னால் ஒரு தேசத்துக் கிராமங்களின் வாழ்வு நிற்கிறது என்பதை, கதர்த்துணியின் பின்னால் கிராமம் நிற்பதை அறிந்த நமக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

இனி, பாரிஸிலுள்ள தம்பிக்கு நேரே சொல்ல வேண்டியவை. நீ வாங்க வேண்டியது இரட்டைப் படியுள்ள பரிமாறுவோன் தோழன். ஐந்து சுற்றுச் சுருள், தீக்குச்சி நுழையும் நடுவெளி, ஆடாத கீல், உறையை அறுக்கச் சிறு கத்தி; இவை நான்கும் இருந்தால் போதும். மரப்பிடியும் மாட்டுக்கொம்புப் பிடியும் விலையை ஏற்றுமே தவிர, தக்கையை ஏற்றமாட்டா. ஆகையால் கடையில் மிக உயர்ந்த விலையைக் கொடுக்க வேண்டியதில்லை. சமையலுக்கென்று உங்கள் விடுதியின் சமையற்கட்டில் தினம் ஒயின் புட்டிகள் திறப்பார்கள் அல்லவா? இரண்டு வாரத்துக்கு அவற்றையெல்லாம் நீயே திறந்து தருவதாகக் கேட்டுக்கொள். பார்ப்பதற்கு விருந்தினர் எவருமில்லாத இடத்தில் கை படிந்துவிடும்.

பழைய திருகைக் குப்பையில் எறிந்துவிடாதே. முதலாளியின் மனம் அமைதியாயிருக்கும் வேளை பார்த்து, அதையும் உன் திருகையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு தீக்குச்சியைக் கொண்டு வித்தியாசத்தைக் காட்டு. கோபத்தோடு காட்டாதே, கணக்குப் போட்டுக் காட்டுவதைப் போல் காட்டு. நாளை உன் இடத்துக்கு வரும் இன்னொரு பிள்ளையிடமும் அதே துறப்பணத்தைக் கொடுத்துவிட்டு, அவன் கையைப் பழிக்காமலிருக்க அது உதவும். பாத்திரம் தேய்த்த கை என்பதில் இழிவொன்றுமில்லை. அந்தக் கைக்குச் சரியான கருவியைக் கொடுக்காததே பிசகு.

தேங்காய்த் துருவியைப் பற்றி எழுதும்படி நேயர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். பலகையில் பொருத்திய பழைய துருவியா, மேஜையில் கவ்வும் புதிய துருவியா என்னும் வழக்கை அடுத்த வாரம் விசாரிப்போம்.